தயாபரன் அண்ணையின் கணினி வாய்மூடிய ஞாயிறு

சுன்னாகச் சந்தையில் வெங்காயம் தெரிந்தெடுத்துக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. மறுமுனையில் ரஞ்சி, தயாபரன் அண்ணையின் தங்கை. "ரீச்சர், அண்ணை போயிட்டார்" என்றாள். "எங்கை போயிட்டார்?" என்று நான் கேட்டேன். வேறெப்படிக் கேட்பேன்? வாரத்தில் ஒருமுறையாவது இதே ரஞ்சி இதே குரலில் எடுத்து, அண்ணை தடியையும் தூக்கிக்கொண்டு சொல்லாமல் பஸ் ஏறிப் போய்விட்டார் என்று முறைப்பாடு வைப்பாள். நானும் வாய்க்கு வந்தபடி அவரைத் திட்டிவிட்டு, பின்னேரம் அவரிடமே போய்த் தேத்தண்ணி குடிப்பேன். இந்தமுறை ரஞ்சி பதில் சொல்லவில்லை. மறுபக்கத்தில் யாரோ குழறி அழும் சத்தம் கேட்டது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெங்காயக்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருங்கோ அம்மா" என்று தன் சாக்கை இழுத்துப் போட்டாள். சந்தைக்கு நடுவே சாக்கில் இருந்து அழுதேன்.

எங்கள் நிலையத்துக்கு வந்துபோகிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். வெளிநாடுகளில் இருந்து இதை வாசிக்கப்போகும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்காகத்தான் அவர் யார் என்று எழுதுகிறேன். கண்ணில் அழுத்தம் கூடிப் பள்ளிக்கூட வயதிலேயே அவருக்குப் பார்வை போய்விட்டது. அரசாங்கக் கந்தோர் ஒன்றில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவராக வேலை பார்த்து ஓய்வுபெற்றார். கலியாணம் கட்டவில்லை. கொக்குவிலில் ரெயில் பாதைக்குக் கிட்ட ரஞ்சியோடு இருந்தார். ஊரார் பேப்பர் பார்க்கவும் புத்தகம் எடுக்கவும் கூட்டம் வைக்கவும் கூடுகிற எங்கள் சனசமூக நிலையத்துக்கு அவர் செயலாளர், நான் தலைவி. நானோ பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள், பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். அவரும் நானும் சண்டை பிடிக்காமல் ஒரு கூட்டம் முடிந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

உடுப்பு விஷயத்தில் அவருக்குப் பொல்லாத பெருமை. சேட்டை இஸ்திரி போட்டு மினுக்காமல் படலை தாண்டமாட்டார். நிலையத்துக்கு வந்து கதிரையில் இருந்ததும், "ரீச்சர், இண்டைக்கு என்ன நிறத்திலை நிக்கிறன்?" என்று கேட்பார்.

"நீலம்."

"என்ன நீலம்?"

"நீலம் எண்டால் நீலந்தான். இதிலை என்ன?"

"உங்கடை பள்ளிக்கூடத்திலை ஒரு நீலந்தானோ கிடக்கு? பிள்ளையள் பாவம்."

பாவம் என்ற சொல்லை அவர் பிறரைச் சீண்டுவதற்கு மட்டும்தான் பாவித்தார். அவரைப் பார்த்து யாராவது அதைச் சொன்னால் முகம் கறுத்துவிடும். கொக்குவில் சந்தியில் அவர் நண்பருக்காகக் காத்து நிற்பார். யாரோ ஒரு நல்ல மனிதர் வந்து, ஒன்றும் கேட்காமல் கையைப் பிடித்து றோட்டுக்கு அங்காலே கொண்டுபோய் விட்டுவிட்டு, "பாத்துப் போங்கோ ஐயா" என்று சொல்லிப் போய்விடுவார். இவர் திரும்பிக் கடந்து வரவேண்டும். "புண்ணியம் தேடுற ஆக்களுக்காக நான் எத்தினை தரம் றோட்டுக் கடந்து குடுத்திருக்கிறன் தெரியுமே" என்று சொல்லிச் சிரிப்பார்.  

அவர் அறிக்கை வாசிக்கும் விதத்தைக் காணாதவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ளவேண்டும். மடிக்கணினியில் அவர் தானே தட்டச்சுச் செய்வார். திரையில் இருப்பதை அந்தக் கணினி ஒரு குரலில் வாசித்துச் சொல்லும். மூக்கடைத்துத் தடிமன் பிடித்த ஆள் கதைப்பதுபோல இருக்கும் அந்தக் குரல். அந்த ஆளுக்கு அவர் வைத்த பெயர் 'உவர்', அதாவது பக்கத்தில் நிற்கிற இவர். "உவர் சொல்லுறார், நேற்று நான் ஒரு எழுத்தை விட்டிட்டனாம்" என்பார். கூட்டத்தில் ஒரு காதில் மட்டும் இயர்போனைப் போட்டுக்கொள்வார். உவர் காதுக்குள் ஒரு வசனம் சொல்ல, இவர் ஒரு மூச்சுப் பிந்தி அதைச் சபைக்குச் சொல்வார். உள்ளே ஒன்று ஓட வெளியே இன்னொன்று ஓடும். தடக்கமாட்டார். அவர் அறிக்கையைப் பாடமாக்கிக்கொண்டு வருகிறார் என்றுதான் பாதிச் சனம் இன்றைக்கும் நினைத்துக்கொண்டிருக்கிறது.

மூன்று வருடங்களுக்கு முந்திய பொதுக்கூட்டத்துக்கு வருகிறேன். அதற்குக் கொஞ்சக் காலம் முன்பே ஊருக்குள் ஒரு கதை ஓடத் தொடங்கியிருந்தது. தொடக்கி வைத்தவர் எங்கள் பொருளாளர் குகன். வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர், தங்கமான மனிதர், இதை நான் எழுதுவதற்கு அவரே சம்மதம் தந்தார். "தயாபரன் அண்ணை கனகாலம் செய்திட்டார், பாவம், இனி ஆறுதலா இருக்கட்டுமன்" என்று அவர் இரண்டு பேரிடம் சொல்ல, அது ஊரெல்லாம் சுற்றிக் கடைசியில் உரியவரின் காதுக்கே போய்விட்டது. அண்ணை என்னிடம் வந்தார். குரல் உயரவில்லை.

"ரீச்சர், எனக்கு வேலை தெரியாதெண்டு நிப்பாட்டினால் நான் ஒண்டும் கதைக்கமாட்டன், எழும்பிப் போயிடுவன். பாவமெண்டு நிப்பாட்ட விடமாட்டன்."

கூட்டம் ஞாயிறு பின்னேரம். ஞாயிறு காலையில் எனக்குத் தொலைபேசி.

"ரீச்சர், உவர் கதைக்கிறார் இல்லை."

கணினி இரவிரவாகத் தன்னைத்தானே புதுப்பித்திருக்கிறது. இயங்குதளத்தின் புதுப் பதிப்பு ஏறிவிட்டது, சத்தம் இறங்கிவிட்டது. எங்களுக்கென்றால் சத்தம் போனால் பாட்டுக் கேட்கமுடியாது, அவ்வளவுதான். அவருக்குச் சத்தம் போனால் கணினியே போய்விடும். எந்தப் பெட்டி திறந்திருக்கிறது, எதை அமத்தச் சொல்கிறது, ஒன்றும் தெரியாது. திருத்துவதற்கும் அதே சத்தம்தான் வேண்டும். பெட்டியைத் திறக்கிற திறப்பு பெட்டிக்குள்ளேயே பூட்டுப்பட்ட மாதிரி. ஞாயிற்றுக்கிழமை என்பதால் திருத்துகிற கடையும் பூட்டு. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அவர் குளித்து, மினுக்கிய சேட்டோடு கணினிக்கு முன்னால் இருந்தார். விரலெல்லாம் வியர்த்திருந்தது. "கை என்ரை, கண் உங்கடை. வாசியுங்கோ, நான் அமத்துறன்" என்றார்.

"ஏதோ கேக்குது அண்ணை. ஓம் எண்டு குடுங்கோ."

"ஏதோ எண்டு கொம்பியூட்டரிலை எழுதி வராது, ரீச்சர். கிடக்கிறதை வாசியுங்கோ."

எனக்கு மூக்கு நுனியில் கோபம் வந்தது. கிடக்கிறதெல்லாம் வாசிக்கிறதென்றால் விடிந்துவிடும். வகுப்பில் நாற்பது பிள்ளைகளுக்கு ஒரு பக்கப் பாடத்தை இரண்டு வசனத்தில் விளங்கப்படுத்திப் பழகிய வாய் இது. கணினியின் உறுப்புகளெல்லாம் வரிசையாகத் தெரிகிற பக்கத்துக்கு அவர் எப்படியோ போய்ச் சேர்ந்தார். நான் மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் கண்ணை ஓட்டினேன்.

"சவுண்ட் எண்டு ஒண்டு கிடக்கு. சரியா வேலை செய்யுதெண்டும் போட்டிருக்கு."

"சரியா வேலை செய்யுதோ?"

"ஓம் அண்ணை. ஒரு பிழையும் இல்லையாம்."

"எனக்கு ஒரு கோதாரியும் கேக்கேல்லை. அதுக்கு ஒரு பிழையும் இல்லையாமே!"

நிறுத்தித் திரும்பப் போட்டார். இயர்போனைக் கழற்றிப் பூட்டினார். சத்தத்தைக் கூட்டினார், குறைத்தார். எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்றே நானும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு நேரமும் போய்விட்டது. ரஞ்சி தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அண்ணை, ஒருமுறை வேறை ஆரும் வாசிக்கட்டுமன், என்ன குறைஞ்சு போகுது?" என்று கெஞ்சுவதுபோலக் கேட்டாள். அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை. ஒருமுறை வேறு ஆள் வாசித்தால் என்ன குறையும் என்று மூன்று பேருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எப்போதும் வேறு ஆள்தான் வாசிப்பார்.

நிலையத்துக்குப் போனோம். சனம் வந்து நிறைந்துவிட்டது. கணினி பேசாத விஷயம் எப்படியோ அவர்களுக்கு எட்டியிருந்தது. குகன் ஓடிவந்து, உண்மையான அன்போடுதான், "அண்ணை, நீங்கள் கஷ்டப்படாதேங்கோ. ரீச்சர் வாசிச்சால் சுகமெல்லோ?" என்றார்.

"அறிக்கை தலைவியின்ரையில்லை, குகன். செயலாளற்றை."

பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்கக்கூடியதாகச் சொன்னார். "கதிரையை எனக்குக் கிட்டப் போடுங்கோ. கொம்பியூட்டரைப் பாத்து என்ரை காதுக்குள்ளை வாசியுங்கோ. உவற்றை வேலையை இண்டைக்கு நீங்கள் செய்யுங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கடவுளாணை, விளங்கப்படுத்த வேண்டாம்."

 மேடைக்கூச்சம் எனக்கு இல்லை, ஊரறியும். ஆனால் என் வாயில் இருந்து வருவது அவருடைய வாயால் வெளியே போகப்போகிறது. நான் ஒரு சொல் பிசகினால் அவர் பிசகுவார். அவர் பிசகினால் ஊர் முழுக்க 'பாவம்' என்று சொல்லும். அவருடைய காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்துத் தொடங்கினேன். முதல் வசனம் அவருடைய தொண்டையில் இருந்து சபைக்குப் போனது. அடுத்தது. அதற்கடுத்தது. நான் வேகமாகப் போனால் மேசையில் ஒரு விரலை வைப்பார், நான் மெதுவாக்குவேன். பக்கத்துப் பாதையால் யாழ்தேவி ரெயில் அடித்துக்கொண்டு போனபோது இரண்டு பேரும் நிறுத்தினோம், அது போனதும் தொடர்ந்தோம். வாசிகசாலைக்குக் கிடைத்த புத்தகங்கள், கூரை திருத்தியது, முன்பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டி எல்லாம் வந்தன. சபை காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு பந்தி வந்தது. திரையில் அதைக் கண்டதும் என் வாய் நின்றுவிட்டது. அதில் எழுதியிருந்தது இதுதான்: 'உறுப்பினர்கள் கேள்வியைக் கேட்டு முடிக்கும் முன்பே பதிலைச் சொல்லிவிடும் பழக்கத்தைத் தலைவி அவர்கள் வரும் ஆண்டில் குறைத்துக்கொண்டால், கூட்டங்கள் சற்று நீளும், ஆனால் ஒழுங்காக நடக்கும் எனச் செயலாளர் பணிவுடன் கருதுகிறார்.'

  சபை பார்த்துக்கொண்டிருந்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். குகன் கதிரையில் இருந்து பாதி எழும்பிவிட்டார். அண்ணை உதடு அசையாமல் சொன்னார்: "வாசியுங்கோ ரீச்சர். அதிலை என்ன கிடக்கெண்டு எனக்குத் தெரியும்."

வாசித்தேன். என்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையை நானே அவருடைய காதுக்குள், ஒரு எழுத்துக் குறையாமல், வாசித்தேன். அவர் அதைச் சபைக்கு நல்ல கம்பீரமாகச் சொன்னார். பணிவுடன் என்ற சொல்லைக் கொஞ்சம் இழுத்தும் சொன்னார், அந்த மனிசன். சபை வெடித்துச் சிரித்தது. எனக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை, அந்தச் சிரிப்பு அவருடைய காதுக்குள் போய் அவர் தலையை இழுத்துக்கொண்டார். அந்தக் கூட்டத்தில் செயலாளர் பதவிக்கு அவருடைய பெயரைப் பிரேரித்தவர் குகன். வழிமொழிந்தது நான். எதிர்ப்பு இல்லை.

வீட்டுக்குப் போய் ஆறுதலாக இருப்பார் என்று நினைத்தேன். "இப்ப உங்களுக்கு வாசிக்கத் தெரியும். வாங்கோ, காலமை வாசிச்சதைத் திரும்ப வாசிப்பம்" என்று கணினியைத் திறந்தார்.

இந்தமுறை மேல் வரியில் இருந்து ஒவ்வொன்றாக, இங்கிலீசில் எப்படி இருந்ததோ அப்படியே வாசித்தேன். சவுண்ட் என்று நான் காலையில் சொன்ன இடத்தில் உண்மையில் இருந்த பெயர் 'டிஸ்பிளே ஓடியோ'.

"உது வெளித்திரை பூட்டினால் அதுக்குப் போற சத்தமெல்லோ! இந்தப் பெட்டியின்ரை சத்தமில்லை. உதைத்தான் சரியா வேலை செய்யுதெண்டு காலமை முழுக்கச் சொல்லிக்கொண்டு இருந்தனீங்களோ?"

"நீங்கள் சவுண்டைத்தானே கேட்டனீங்கள்?"

"கீழை வாசியுங்கோ."

கீழே வாசித்தேன். 'அதர் டிவைசெஸ்' என்றொரு தலைப்பு. அதற்குக் கீழே மஞ்சள் முக்கோணத்தோடு 'மல்ரிமீடியா ஓடியோ கொன்ற்றோலர்'.

"நில்லுங்கோ. உது காலமையும் கிடந்ததோ?"

"கிடந்தது."

"ஏன் வாசிக்கேல்லை?"

"மற்றது எண்டு போட்டிருந்தது. மற்றதுகள் எங்களுக்கு எதுக்கெண்டு விட்டிட்டன்."

அவர் என்னை ஏசுவார் என்று பார்த்தேன். மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்தார். ரஞ்சி குசினியில் இருந்து ஓடிவந்துவிட்டாள். விஷயம் இவ்வளவுதான்: கணினியின் உடம்போடு பொருத்திவருகிற ஒலிப்பகுதிக்கு அதைச் செய்த கம்பனியின் றைவர் என்றொரு மென்பொருள் வேண்டும். புதுப்பித்தலில் அது கழன்றுபோக, கணினிக்குத் தன் தொண்டையையே அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அதைத்தான் 'மற்றவை' என்று ஒரு மூலையில் தள்ளிவைத்திருக்கிறது. சரியான றைவரை அவர் முன்னமே ஒருதரம் இறக்கிக் கணினிக்குள் பத்திரப்படுத்தியிருந்தார். மஞ்சள் முக்கோணத்தில் போய், றைவரைப் புதுப்பி என்பதை எடுத்து, இணையத்தில் தேடவேண்டாம், கணினிக்குள்ளேயே இந்த இடத்தில் பார் என்று அந்தக் கோப்புறையைக் காட்டவேண்டும். நான் வரிவரியாக வாசிக்க அவர் அமத்தினார். கணினி நின்று, திரும்ப எழும்பி, கொஞ்சநேரம் முழிசிக்கொண்டு இருந்தது. பிறகு அந்தத் தடிமன் குரல் முழு வீட்டுக்கும் கேட்கப் பேசியது. இயர்போன் பூட்ட மறந்துவிட்டோம். அவர் கதிரையில் பின்னால் சாய்ந்தார். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அதற்குப்பிறகு புதுப்பித்தல் வந்து சத்தம் போகும்போதெல்லாம் நாங்கள் இருவரும் அப்படித்தான் திருத்தினோம். என் கைக்குள் பழக்கம் வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன், வாய்க்குள் வந்துவிட்டது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அதில் லாபம். கேள்வியை முழுக்க வாசிக்காமல் கணக்கைச் செய்யத் தொடங்குகிறவர்களைப் பிடித்து, கிடக்கிறதை வாசி என்று நான் இப்போது கத்துகிறேன்.

இந்த வருடம் தொடக்கத்தில் அவருக்குச் சாப்பாட்டில் மனமில்லாமல் போனது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள். பரிசோதனைகள் முடிந்த அன்று வைத்தியர் கட்டிலடிக்கு வந்தார். கட்டிலில் இருந்தவரோடு கதைக்கவில்லை. ரஞ்சியையும் என்னையும் வெளியே கூப்பிட்டுக்கொண்டு போய், விறாந்தையில் வைத்துச் சொன்னார். ரஞ்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ரீச்சர், அண்ணைக்கு இது தெரியவேண்டாம். தாங்கமாட்டார். பாவம்" என்றாள். நான் தலையாட்டினேனோ இல்லையோ, எனக்கே தெரியாது. முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனோம். அவர் எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தார்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"மருந்து தருவினமாம் அண்ணை" என்றாள் ரஞ்சி.

அவர் முகத்தை என் பக்கம் திருப்பினார். "ரீச்சர்" என்றார். பிறகு காத்துக்கொண்டிருந்தார்.

கட்டிலுக்கு மற்றப் பக்கத்தில் ரஞ்சி இரண்டு கைகளையும் கூப்பி என்னைப் பார்த்து, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்தக் கைகளுக்காகவே நான் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு பொய்கூட வேண்டாம், ஒரு வசனத்தை விட்டுவிட்டால் போதும்.  கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு, அவருடைய காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, வைத்தியர் சொன்னதை அவர் சொன்ன சொல்லிலேயே சொன்னேன். "ஈரலுக்கும் பரவியிட்டுது. இனி மருந்தாலை மாத்தேலாது. நோகாமல் பாக்கலாம். கன காலம் எண்டு நான் சொல்லமாட்டன்." அழுகை வந்தது. ஆனால் ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை, ஒரு சொல்லையும் கூட்டவில்லை.

அவர் மூச்சை உள்ளே எடுத்து மெதுவாக விட்டார். "ஓம்" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "அப்ப வாற பொதுக்கூட்டத்து அறிக்கையை இப்பவே எழுதத் தொடங்கவேணும்" என்றார். கை நீட்டி என் தலையைத் தேடித் தொட்டார். அதுவரை அவர் என்னைத் தொட்டுக் கதைத்ததே இல்லை.

ரஞ்சி அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பிறகும் பல நாள் முகம் கொடுக்கவில்லை. நான் வந்தால் உள்ளே போய்விடுவாள். நான் செய்தது சரியோ என்று யாரிடம் கேட்பது? கேட்கவேண்டிய ஒரே ஆளிடம் கேட்க வாய் வரவில்லை. அறிக்கையை அவர் எழுதி முடித்தார். முடித்துக் கொஞ்ச நாளில் போய்விட்டார்.

செத்தவீட்டுச் சனம் கலைந்தபிறகு ரஞ்சி வந்து என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். அழுது அழுது குரல் அடைத்துப்போய் இருந்தது.

"ரீச்சர், ஆஸ்பத்திரியாலை வந்த அண்டு அண்ணை என்னைக் கூப்பிட்டு வைச்சுக் கதைச்சவர். 'நீ கலியாணம் கட்டாமல் இருந்தது என்னாலை எண்டு எனக்குத் தெரியும், இவ்வளவு காலமும் அதைச் சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை' எண்டார். நான் சொன்னன், நான் விரும்பித்தான் இருந்தனான், ஆரும் மறிச்சதாலை இல்லை எண்டு. பிறகு ஒவ்வொரு நாளும் கதைச்சம் ரீச்சர். அம்மாவைப் பற்றி, சின்ன வயதைப் பற்றி, எல்லாம். எங்களுக்கு ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. நீங்கள் சொல்லாமல் விட்டிருந்தால் நான் அவருக்குப் பொய் சொல்லிக்கொண்டே இருந்திருப்பன். அவரும் தெரியாத மாதிரியே போயிருப்பார்."

நான் அவளைக் கட்டிப்பிடித்தேன். 

தயாபரன் அண்ணையை அறிந்தவர்களே, அவரிடமிருந்து உங்கள் ஒவ்வொருவரிடமும் ஏதாவது இருக்கும். ஒரு பகிடி, ஒரு சண்டை, ஒரு கூட்டக் குறிப்பு. என்னிடம் இருப்பதை எழுதிவிடுகிறேன். கட்டிலைச் சுற்றி அவருக்கு நல்லதை நினைக்கிற எல்லோரும் நின்றோம். அவர் என்னைக் கேட்டார். நான் சொன்னேன்.